கடலுக்கு வேலி; கரிசலுக்கு வறுமை!

‘கடலையே கண்டிராத கரிசல்காட்டு உழவனிடம் கடல் கடந்த வாணிபத்தைப் பற்றி என்ன பேச்சு? கண்மாய் நிறையவில்லை, சீமைக் கருவேலம் காட்டை விழுங்குகிறது, மிளகாய் வற்றலுக்கு விலையில்லை. இவற்றை விட்டுவிட்டு இலங்கையைப் பற்றிப் பேசுகிறீர்களே!’ என்று அருப்புக்கோட்டையிலும் திருச்சுழியிலும் கேட்கும் தோழர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆகவே, விடையையும் அந்த மண்ணிலிருந்தே தொடங்குவோம்.

திருச்சுழியைத் தொட்டுச் செல்லும் குண்டாறு, ஆண்டில் சில நாட்களே நீர் காணும் ஆறு. ஆனால் அந்தச் சில நாட்களிலும் அது போய்ச் சேருமிடம் மன்னார் வளைகுடாதான். வறண்ட இந்நாட்டு மனிதனும் அவ்வழியேதான் போனான். மழை பொய்த்த ஆண்டுகளில், கடன் கழுத்தை நெரித்த வேளையில், கங்காணியின் சொல்லை நம்பி, மூட்டை முடிச்சுடன் மண்டபம் முகாமுக்கு நடந்தான். அங்கே அவனை நிறுத்திச் சோதித்து, மருந்து தெளித்து, கப்பலில் ஏற்றி, தலைமன்னாரில் இறக்கி, மலையில் தேயிலை கிள்ள அனுப்பினர். பழைய இராமநாதபுரம் மாவட்டத்துச் சிற்றூர்களில், கண்டிச் சீமைக்குப் போன கிளை ஒன்று இல்லாத குடும்பத்தைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். கரிசல் நாட்டுக்கும் கடலுக்கும் என்ன தொடர்பு என்று கேட்போரே, உங்கள் தாத்தாவின் உடன்பிறந்தார் எங்கே போனார் என்று வீட்டிலுள்ள முதியோரைக் கேட்டுப் பாருங்கள். விடை கிடைக்கும்.

அப்படிப் போன மக்களுக்கு நேர்ந்தது என்ன? 1948ஆம் ஆண்டு இலங்கை விடுதலை பெற்றது. அதே ஆண்டில் இயற்றிய குடியுரிமைச் சட்டம், அம்மலைகளைப் பொன்னாக்கிய மக்களை நாடற்றவர் ஆக்கியது. 1950களில், வயிற்றுப்பாட்டுக்காகக் கடல் கடந்து வந்த ஏழையைப் பிடிக்க, இலங்கை தன் படையையே கரையோரம் நிறுத்தியது. ‘கள்ளத்தோணி’ என்ற சொல் தமிழனைக் குறிக்கும் வசைச் சொல்லாயிற்று. 1964 அக்டோபர் 30ஆம் நாள், டில்லியில் சாஸ்திரியாரும் சிறிமாவோ அம்மையாரும் கையெழுத்திட்டனர். ஒன்பது லட்சத்து எழுபத்தைந்தாயிரம் பேரில் 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மீதி 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று எழுதினர்! பத்தாண்டு கழித்து, 1974இல், அந்த மீதியையும் ஆளுக்குப் பாதி, 75,000 வீதம் பிரித்துக்கொண்டனர். ஆட்டுச் சந்தையில்கூடத் தலையைத் தடவிப் பார்த்துத்தான் விலை பேசுவர். இங்கோ, மக்களை ஒரு வார்த்தை கேளாமல் மக்களைப் பங்கிட்டனர்!

அதே 1964இன் டிசம்பர் 22ஆம் நாள் இரவு வீசிய புயல் தனுஷ்கோடியை அழித்தது. 1914இல் பாம்பன் பாலம் திறந்த நாள் முதல், இரயிலில் ஏறித் தனுஷ்கோடியில் இறங்கி, கப்பல் மாறித் தலைமன்னாரில் மீண்டும் இரயில் ஏறிய ‘போட் மெயில்’ பாதை அன்றோடு முறிந்தது. பின்னர் இராமேசுவரத்திலிருந்து ஓடிய கப்பலும் 1980களில், இனப்போரின் நெருப்பில் நின்றுபோயிற்று. புயல் அழித்தது ஒரு துறைமுகத்தை. அரசியல் அழித்ததோ ஒரு பாதையை. புயலை மன்னிக்கலாம். பல பத்தாண்டுகளாகியும் அப்பாதையைத் திறவாத ஆளவந்தாரை எவ்வாறு மன்னிப்பது?

இனி வாணிபத்துக்கு வருவோம். 1906ஆம் ஆண்டு, தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் விட்டவர் வ. உ. சிதம்பரனார். அவர் ஏன் கப்பல் விட்டார்? நீராவிக் கப்பலில் ஏறி உல்லாசப் பயணம் போகவா? இந்தக் கரையின் சரக்கு அந்தக் கரைக்குப் போகும் வழி வெள்ளையன் கையில் இருக்கும்வரை, உழுபவனுக்கும் நெய்பவனுக்கும் விலை கிடைக்காது என்பதைத் தெளிந்ததால் விட்டார். அதற்காகவே வெள்ளையன் 1908இல் அவரைச் சிறையிலிட்டுச் செக்கிழுக்க வைத்தான். கடல் வழி என்பது வயிற்றுப் பிரச்சினை, உரிமைப் பிரச்சினை என்பதைத் தென்பாண்டி நாடு நூற்றாண்டுக்கு முன்பே கற்றுக்கொண்டுவிட்டது. மறந்தவர்கள் நாம்தான்.

அருப்புக்கோட்டையின் தறியோசை இன்னும் ஓயவில்லை. சென்னை மாகாணத்துக் கைத்தறித் துணிக்கு இலங்கை ஒரு காலத்தில் பெருஞ்சந்தையாக இருந்ததை அந்நெசவாளத் தெருக்களின் பெரியவர்கள் அறிவர். திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்து மானாவாரி நிலம் தருவது மிளகாய், மல்லி, பயறு வகை, பருத்தி. இராமநாதபுரத்து முண்டு மிளகாய்க்கு 2023இல் புவிசார் குறியீடும் கிடைத்துவிட்டது. கடலுக்கு அப்பாலோ, குழம்பு வைக்க வேண்டிய வற்றலில் பெரும்பகுதியை இந்தியாவிலிருந்தே வாங்கும் நாடு இருக்கிறது. விளைவிப்போன் இக்கரையில், வாங்குவோன் அக்கரையில், இடையே சுமார் முப்பது கிலோமீட்டர் நீர். ஆனால் உழவன் தன் வற்றல் மூட்டையைக் கமிஷன் மண்டியில் இறக்கிவிட்டு, சொன்ன விலையை வாங்கிக்கொண்டு, கடனைக் கட்டிவிட்டு வெறுங்கையோடு வீடு திரும்புகிறான். முப்பது கிலோமீட்டருக்குப் போக வேண்டிய சரக்கு, பெருந்துறைமுகத்தைச் சுற்றி, பெருவணிகர் கை மாறித்தான் போக வேண்டியிருக்கிறது. கண்மாய்க்கு நீர் வந்தால் விளைச்சல் பெருகும், அதையும் கேட்போம். விளைந்ததற்கு வழி வேண்டாமா? அதையும் சேர்த்துத்தான் கேட்க வேண்டும்.

இதைச் சொன்னவுடன் ஒரு குரல் எழும். ‘முதலில் பாதுகாப்பு, பிறகுதான் வாணிபம். கடல் திறந்தால் கடத்தல் பெருகும், ஆபத்து வரும்’ என்பது அக்குரல். டில்லியிலும் ஒலிக்கிறது, கொழும்பிலும் ஒலிக்கிறது. இவ்வாதத்தை எடைபோட்டுப் பார்ப்போம்.

கடத்தல் எதனால் பெருகுகிறது? 2020ஆம் ஆண்டளவில் இலங்கை அரசு மஞ்சள் இறக்குமதியைத் தடுத்தது. நடந்தது என்ன? அடுப்படியில் கிடக்கும் மஞ்சள், கஞ்சாவுக்கு நிகரான கடத்தற் பொருளாயிற்று! இராமநாதபுரம், தூத்துக்குடிக் கரைகளில் மூட்டை மூட்டையாய் மஞ்சள் பிடிபட்டது, அக்கரையிலும் பிடிபட்டது. மஞ்சள் மாறவில்லை, சட்டம்தான் மாறியது. நேர்வழி அடைபட்டவுடன் இருள்வழி திறந்தது. இலாபம் உழவனுக்கா போயிற்று? இல்லை, இரவில் படகு விடத் துணிந்தவனுக்குப் போயிற்று. கடலட்டையைப் பாருங்கள்: இந்தியாவில் 2001 முதல் அதைப் பிடிப்பது குற்றம், இலங்கையில் அனுமதியுடன் செய்யும் தொழில். நடுவே கோடு, கோட்டுக்கு இருபுறமும் இரு சட்டம், அந்த இடைவெளியில்தான் கடத்தற்காரன் குடியிருக்கிறான். இரு கரை அரசுகளும் உட்கார்ந்து பேசி ஒரு நடைமுறை வகுத்தால், அவன் குடியிருப்பு அழியும். காவற்கப்பலை மட்டும் பெருக்கினால், அவன் கேட்கும் கூலிதான் பெருகும்.

பாதுகாப்பும் வாணிபமும் பகைவரல்லர் என்பதற்கு இந்திய ஒன்றியமே சான்று தருகிறது. மேகாலயத்தின் காலாய்ச்சரில், 2011 ஜூலையில், வங்காள தேச எல்லைக் கோட்டின்மீதே ஒரு சந்தை திறந்தார்கள். இருபுறத்து ஊராரும் தம் விளைபொருளையும் கைப்பொருளையும் கொண்டுவந்து விற்றார்கள், வாங்கினார்கள். பின்னர் திரிபுராவிலும் இத்தகைய சந்தைகள் எழுந்தன. அந்த எல்லையில் காவல் இல்லையா? உண்டு. கம்பி வேலி இல்லையா? அதுவும் உண்டு. காவலர் நிற்கவே சந்தை நடந்தது.

1962இல் சீனத்தோடு போர் நடந்தது. போரால் மூடிய நாதுலா கணவாயை 2006இல் வாணிபத்துக்குத் திறந்தனர். 2020க்கு முன்வரை ஆண்டுதோறும் பருவத்தில் வாணிபம் நடந்தது. காஷ்மீரில், துப்பாக்கிகள் ஒன்றையொன்று பார்த்து நிற்கும் கட்டுப்பாட்டுக் கோட்டைக் கடந்துகூட, 2008 அக்டோபர் முதல் பண்டமாற்று நடந்தது. 2019 ஏப்ரலில் அதை நிறுத்தினார்களே என்று சிலர் சொல்லக்கூடும். ஆம், நிறுத்தினர். ஆயுதமும் போதைப் பொருளும் கள்ளப்பணமும் அவ்வழியே வருவதாகக் காரணம் சொன்னார்கள். அதற்கு மருந்தாக அன்று அரசே சொன்னது, கடுமையான சோதனை முறை வகுப்போம் என்பதுதான். வழியில் திருடன் நடமாடினால் காவலன் வேண்டும். பாதையையே வெட்டிவிடுவது காவலாகாது.

போரிட்ட சீனத்தோடு கணவாய் திறக்கலாம். பகை மாறாத காஷ்மீர்க் கோட்டில் பத்தாண்டு பண்டம் மாற்றலாம். இரு நாடுகளும் தம்முள் போரிடாத பாக்கு நீரிணையில், ஒரே மொழி பேசுவோர் இருகரையிலும் வாழும் இடத்தில், மட்டும் கூடாதா? வடக்கெல்லைக்கு ஒரு நீதி, தெற்கெல்லைக்கு ஒரு நீதியா?

‘இலங்கையோடு ஒப்பந்தங்கள் இருக்கின்றனவே’ என்பர். இருக்கின்றன. 1998 டிசம்பரில் தடையற்ற வாணிப ஒப்பந்தம் கையெழுத்தாகி, 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. இந்தியா, இலங்கை, மாலத்தீவு முதலான நாடுகள் கூடும் கொழும்புப் பாதுகாப்பு மாநாட்டு அமைப்பும் இருக்கிறது. 2025 ஏப்ரல் 5ஆம் நாள், கொழும்பில் பாதுகாப்பு ஒத்துழைப்பு உடன்பாடும் எழுதினர். இத்தனை மேசைகளில் ஒன்றிலாவது, கடற்கரை உடைய மாநிலத்துக்கு ஒரு நாற்காலி போட்டிருக்கிறார்களா? இராமேசுவரத்து மீனவனுக்கும் யாழ்ப்பாணத்து மீனவனுக்கும் ஒரு பாய் விரித்திருக்கிறார்களா?

அரசியல் சட்டத்தின் ஏழாம் அட்டவணையைப் புரட்டுங்கள். வெளிநாட்டு உறவும், அயல்நாட்டு வாணிபமும், கரைக்கடலுக்கு அப்பாற்பட்ட மீன்பிடிப்பும் ஒன்றியத்தின் பட்டியலில். மீன்வளம் மாநிலத்தின் பட்டியலில். அதாவது, கடலில் பிடிபட்டால் டில்லி பார்த்துக்கொள்ளும். பிடிபட்டவன் வீட்டில் அடுப்பு எரியாவிட்டால் மாநிலம் பார்த்துக்கொள்ள வேண்டும்! அதிகாரம் அங்கே, அழுகுரல் இங்கே.

1974 ஜூனில் கச்சத்தீவைக் கோட்டுக்கு அப்பால் வைத்தனர். சேதுபதி சமஸ்தானத்தின் உடைமையாயிருந்த தீவு அது. அவ்வொப்பந்தத்தில், நம் மீனவரும் யாத்திரிகரும் அத்தீவுக்குச் சென்றுவரலாம் என்று ஒரு விதி இருந்தது. 1976 மார்ச்சில் எழுதிக்கொண்ட கடிதங்களோ, ஒருவர் கடலில் மற்றவர் மீன்பிடிக்கலாகாது என்று முடித்தன. 1974 ஆகஸ்டிலேயே தமிழகச் சட்டமன்றம் எதிர்ப்புத் தெரிவித்தது. 2025 ஏப்ரலிலும் மீண்டும் தீர்மானம் நிறைவேற்றியது. ஐம்பதாண்டுக் காலம் ஒரே குரல். கேட்க வேண்டிய செவி எங்கே? எல்லையை ஒட்டி வாழ்வோரைக் கேளாமல் போட்ட கோடு காகிதத்தில் அமைதியைத் தரலாம், கடலில் தராது. 2024ஆம் ஆண்டில் மட்டும் ஐந்நூறுக்கும் மேற்பட்ட நம் மீனவரை இலங்கைக் கடற்படை பிடித்துச் சென்றதே, அதுதான் அந்தக் கோட்டின் இலட்சணம்.

ஆனால், தோழர்களே, மேடைக்கு இனிப்பான பேச்சோடு நிறுத்திக்கொண்டால் நாம் நேர்மையாளர் ஆகமாட்டோம். நம் பக்கத்துக் குறையையும் நாமே சொல்ல வேண்டும்.

அக்கரையில் வலை வீசுபவனும் தமிழன்தான். முப்பதாண்டுப் போரில் கடலையே இழந்தவன் அவன். படகைப் பறிகொடுத்து, முகாமில் கிடந்து, 2009க்குப் பின்னர்தான் சிறு வள்ளத்தோடு மீண்டும் கடலில் இறங்கினான். அவன் வலையை அறுத்துச் செல்வது யார்? நம் கரையிலிருந்து போகும் இழுவைப் படகு. அடிமட்டத்தை வாரி இழுக்கும் அந்த மடி, மீனை மட்டுமா வாருகிறது? மீன்குஞ்சை, முட்டையை, பவளத்தை, கடற்புல்லை, நாளைய உணவையே வாருகிறது. 2017இல் இலங்கை தன் கடலில் இழுவை மடியைச் சட்டத்தால் தடுத்தது. அதே ஆண்டில், பாக்கு நீரிணை இழுவைப் படகுகளில் இரண்டாயிரத்தை ஆழ்கடல் படகாக மாற்றுவோம் என்று இங்கே திட்டம் போட்டனர். எண்ணிக்கை நிறைவேறவில்லை. இழுவைப் படகில் கூலிக்குப் போகிறவன் ஏழை. அவனைச் சிறையில் அடைப்பது கொடுமை. ஆனால் அவனை அனுப்பிவிட்டுக் கரையில் கணக்குப் பார்ப்பவனும், அவன் பிடிபட்ட செய்தியை வைத்து முழக்கம் எழுப்பிவிட்டு மறுநாள் மறப்பவனும் அவனுக்கு நண்பர்கள் ஆவார்களா?

மீனவர் தமக்குள் பேசித் தீர்க்க முடியாதவர்களா? 2010இலும் 2014இலும் இருகரை மீனவரும் நேருக்கு நேர் அமர்ந்து பேசினர். இழுவை மடியைப் படிப்படியாகக் கைவிடுவது பற்றியும் பேசினர். ஆனால் கைவிட்டபின் பிழைப்பதற்கு வழி? படகுக் கடனை அடைப்பது யார்? அந்தக் கேள்விக்குப் பணம் தர வேண்டிய அரசு அந்தப் பேச்சின் முடிவைத் தாங்கிப் பிடிக்கவில்லை. மக்கள் நீட்டிய கையை அரசுகள் பற்றவில்லை.

மாநிலம் இதில் என்ன செய்துவிட முடியும் என்று ஐயுறுவோர்க்கு 2022ஆம் ஆண்டே விடை. இலங்கையில் பொருளாதாரம் சரிந்து, மருந்துக்கும் பாலுக்கும் மக்கள் வரிசையில் நின்ற வேளை அது. தமிழ்நாட்டுச் சட்டமன்றம் ஏப்ரல் 29ஆம் நாள் ஒருமனதாகத் தீர்மானம் நிறைவேற்றி, உதவி அனுப்ப ஒன்றியத்தின் அனுமதி கோரியது. 40,000 டன் அரிசி, 500 டன் பால்மா, உயிர்காக்கும் மருந்துகள் என்று திட்டம். மே 18ஆம் நாள் முதற்கப்பல் சென்னைத் துறையிலிருந்து புறப்பட்டது. அது தமிழருக்கு மட்டுமா போயிற்று? சிங்களவருக்கும் முஸ்லிமுக்கும் மலையகத் தொழிலாளிக்கும் போயிற்று. அதனால் இந்தியாவின் பாதுகாப்பு குலைந்ததா? ஒன்றியம் உடைந்ததா? ஒரு மாநிலத்தின் நெல் அண்டை நாட்டுக் குழந்தையின் பசியைத் தீர்த்தது. எந்தப் போர்க்கப்பலும் ஈட்டித் தராத நல்லெண்ணத்தை ஈட்டித் தந்தது. பஞ்சகாலத்தில் பயன்பட்ட வழி நல்ல காலத்தில் ஏன் மூடிக்கிடக்க வேண்டும்?

ஆகவே நாம் கேட்பவை தெளிவானவை.

ஒன்று: பாக்கு நீரிணைக்கென ஒரு நிலையான கூட்டு ஆணையம் வேண்டும். அதில் டில்லிக்கும் கொழும்புக்கும் இடமிருப்பதுபோல், தமிழ்நாட்டு அரசுக்கும் இலங்கை வட மாகாணத்துக்கும், இருகரை மீனவர்க்கும் இடம் வேண்டும்.

இரண்டு: இழுவை மடிக்கு ஆண்டுக் கணக்குப் போட்டு முடிவு கட்ட வேண்டும். முடியும்வரை படகுக்காரருக்கும் கூலியாளுக்கும் ஒன்றியம் ஈடு கொடுக்க வேண்டும். அதுவரை பிடிபடுபவரைச் சுடாமல், அடிக்காமல், நாட்கணக்கில் திருப்பியனுப்பும் நடைமுறை வேண்டும்.

மூன்று: நாகப்பட்டினத்திலிருந்து காங்கேசன்துறைக்கு 2023 அக்டோபரில் விட்ட கப்பல் சில நாளில் நின்று, 2024 ஆகஸ்டில்தான் மீண்டும் புறப்பட்டது. இராமேசுவரம் - தலைமன்னார் கப்பலை விரைவில் தொடங்க முயல்வோம் என்று 2024 டிசம்பரில் இரு நாட்டுத் தலைவர்களும் கூட்டறிக்கை விட்டனர். அறிக்கையில் மட்டும் கப்பல் மிதந்தால் போதாது. ஆளோடு சரக்கும் ஏற்றும் கப்பல் வேண்டும். சிறு வணிகனும், உழவர் கூட்டுறவும், நெசவாளர் சங்கமும் சில மூட்டை வற்றலையும் சில கட்டுத் துணியையும் எளிய சுங்கமுறையில் அனுப்ப வழி வேண்டும். காலாய்ச்சரில் நிலத்தில் முடிந்தது இங்கே நீரில் முடியாதா?

நான்கு: இருகரைக் காவற்படையும் சுங்கத்துறையும் நாள்தோறும் செய்தி பரிமாற வேண்டும். போதைப் பொருளைத் துரத்தும் கண்ணும் மீனவனைத் துரத்தும் கண்ணும் வேறாக வேண்டும்.

ஐந்து: 1983 முதல் தஞ்சம் புகுந்து வாழ்வோரை மறக்கலாகாது. அருப்புக்கோட்டைக்கு அருகே குல்லூர்சந்தையிலும் மல்லாங்கிணற்றிலும் முகாம்கள் இருப்பதை நம் தோழர்கள் அறிவார்கள். 2021இல் ‘மறுவாழ்வு முகாம்’ என்று பெயர் மாறியது, நல்லது. பெயர் மாறியதைப்போல் நிலையும் மாற வேண்டும். 2019இல் திருத்திய குடியுரிமைச் சட்டம் இவர்களுக்குக் கதவைத் திறக்கவில்லை. இங்கேயே பிறந்து, இங்கேயே படித்து, எந்த நாட்டுக் குடிமகன் என்று எழுத முடியாமல் நிற்கும் இளைஞனைப் பாருங்கள். 1948இல் மலையில் நடந்த அநீதியைக் கரிசலில் நாம் மறுபதிப்புச் செய்துகொண்டிருக்கிறோம்! இருக்க விரும்புவோர்க்குக் குடியுரிமை. திரும்ப விரும்புவோர்க்குக் கப்பலும் நிலமும் உறுதியும். இது இரு அரசுகளும் கூடிச் செய்ய வேண்டிய கடமை.

இவற்றில் எதுவாவது நாட்டைப் பிரிக்கும் கோரிக்கையா? எதுவாவது எல்லையை அழிக்கும் கோரிக்கையா? எல்லை இருக்கட்டும். வீட்டுக்கும் வீட்டுக்கும் நடுவே சுவர் இருக்கிறது. சுவரில் வாசலும் இருக்கிறது. வாசலே இல்லாத சுவரைச் சிறை என்போம். அந்தச் சிறைக்குள் காவலாளியும் அடைபட்டுத்தான் கிடப்பான்.

அருப்புக்கோட்டைத் தோழர்களே, திருச்சுழித் தோழர்களே! அடுத்த கிளைக் கூட்டத்தில் கண்மாய் மராமத்தைப் பற்றித் தீர்மானம் போடுங்கள். அதன் கீழேயே இராமேசுவரம் கப்பலைப் பற்றியும் ஒரு தீர்மானம் போடுங்கள். முகாமுக்குச் சென்று அங்குள்ளோரோடு அமர்ந்து பேசுங்கள். மண்டியில் உழவனிடம், அவன் வற்றல் எங்கே போகிறது, யார் கையில் என்ன விலையாகிறது என்று கேளுங்கள். கேட்டதை எழுதி அனுப்புங்கள். மாவட்ட மாநாட்டுக்கு அது வரட்டும். மாநில மாநாட்டுக்கு அது ஏறட்டும். நாடாளுமன்றத்தில் அது ஒலிக்கட்டும்.

நம் முன்னோரை ஏற்றிச் சென்ற கப்பல் கூலிக்கப்பல். அவர்களைத் திருப்பிக் கொண்டுவந்தது பங்கீட்டுக் கப்பல். 2022இல் போனது பசி தீர்த்த கப்பல். இனிப் போக வேண்டியது உரிமைக் கப்பல். அதில் ஏற வேண்டிய முதல் மூட்டை கரிசல் மண்ணின் விளைச்சலாக இருக்கட்டும்!